தகர அண்ணாச்சி

பலவேசம் அண்ணாச்சி தோட்டத்துக்குள்ள மாப்பிள்ளைக்குன்னு தனி வீடே கட்டிப்புட்டாரு. எல்லாம் இருக்கு, வைஃபை மட்டும் பெரிய வீட்டுல இருந்து அங்க எட்டல. நெட்டு இல்லாம ஆபீஸ் வேலை ஓடாதுன்னு மாப்பிள்ளை பொட்டியக் கட்டிட்டாரு.

அண்ணாச்சி, வேலைக்காரன் சொரிமுத்துவக் கூப்பிட்டாரு.

"எலேய், சாயங்காலத்துக்குள்ள நெட்டு அங்க போவணும். சுவத்துல ஓட்டை போடக்கூடாது, வயரும் இழுக்கக்கூடாது. முடியலன்னா நீ ஊருக்குப் பஸ் ஏறிரு."

சொரிமுத்து போனைத் தூக்கிக்கிட்டு நடந்து பாத்தான். பெரிய வீட்டுல வைஃபை பொட்டி இருக்குற சன்னலை வெளிய இருந்து மறிச்சிக்கிட்டு அண்ணாச்சியோட ஆளுயரத் தகரப் படம், கும்பிட்ட கையும் முறுக்குன மீசையுமா நிக்கி. படத்துக்கு இந்தப் பக்கம் சிக்னல் கொட்டுது, அந்தப் பக்கம் சுத்தமா இல்ல. படத்தை எடுங்கன்னு சொன்னா அன்னைக்கே வேலை போயிரும்.

"அண்ணாச்சி, இம்புட்டு அழகான மொகத்தை வாழைமரம்தான் பாக்குது. ரோட்டோரம் வச்சா பஸ்ஸுல போறவன்லாம் கும்பிடுவாம்லா."

அண்ணாச்சி மீசையைத் தடவுனாரு. "எனக்கும் அப்பவே தோணுச்சுல. தூக்கு."

தூக்குனதுதான் தாமதம், தோட்டத்து வீட்டுல இருந்து மாப்பிள்ளை, "மாமா, நெட்டு பறக்குது"ன்னாரு.

அண்ணாச்சி முழிச்சாரு. "எலேய், அப்படி என்னல செஞ்ச?"

"நான் என்னத்தச் செஞ்சேன் அண்ணாச்சி? நீங்க கொஞ்சம் தள்ளி நின்னீய, அது அந்தாக்ல நேரா போயிட்டு."