பூவாத்தாளின் மூன்று நோட்டுகள்

"நாளையோட கடையைப் பூட்டிடறேன் சாமி. உத்தரவு கொடுங்க" என்றாள் பூவாத்தாள்.

மலையடிவாரத்து மடத்தின் குரு அவளைவிடப் பத்து வயது இளையவர்.

எரிந்துபோன பம்பு மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது அவள் தொழில். ஐந்து வருடமாகச் சொந்தக் கடை. முதலாளியும் அவள், வேலைக்காரியும் அவள்.

"ஏன் பூட்டணும்?"

"பெரிய மோட்டார் பட்டறைக்காரர் சந்தையில வச்சுக் கேட்டுட்டாருங்க. 'பொம்பள கட்டற காயில் எத்தனை நாள் நிக்கும்?'னு. அதுக்கப்புறம் ஒருத்தரும் வர்றதில்லை. இப்ப அவரே சம்பளத்துக்குக் கூப்பிடறார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நல்லாவே நிக்கும்னேன். எல்லாரும் சிரிச்சாங்க."

"சரி. எத்தனை நாள் நிக்கும்?"

"அதை எண்ணிப் பார்த்ததில்லைங்க."

கடை திறந்த அன்று குரு அவளிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார். வந்த வேலை, போன வேலை, அன்றன்றைக்கே எழுதி வையுங்கள் என்று. அவளும் ஒருநாள் தவறாமல் எழுதினாள். ஒருநாளும் எடுத்துப் படித்ததில்லை.

"நோட்டை எடுத்துட்டு வாங்க."

போய் எடுத்து வந்தாள். மூன்று நோட்டுகள். அட்டையெல்லாம் காயிலுக்குப் பூசும் வார்னிஷ் கறை.

"திரும்பி வந்த மோட்டாரை மட்டும் படிங்க."

விரலை வைத்துத் தேடினாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எண்ணிக்கொண்டே மூன்று நோட்டையும் முடித்தாள்.

"கட்டினது அறுநூத்திப் பதினாலுங்க. திரும்பி வந்தது பதினொண்ணு."

"ஏன் வந்தது?"

"ஒம்பது, கிணத்துல தண்ணி வத்தினது தெரியாம ஓட்டி எரிஞ்சது. எழுதியிருக்கேன்."

"மீதி ரெண்டு?"

பூவாத்தாள் தலை குனியவில்லை.

"என் தப்பு. அதையும் எழுதியிருக்கேன். காசு வாங்காம மறுபடி கட்டிக் கொடுத்தேன்."

எல்லாம் அவள் கையெழுத்துதான். ஆனாலும் இப்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்படுபவள்போல அவள் முதுகு நிமிர்ந்தது.

"பட்டறைக்காரருக்கு என்ன பதில்?"

"வர்ற சந்தையில நின்னு இதைப் படிக்கறேன் சாமி. அவரும் அவர் நோட்டைக் கொண்டாரட்டும்."

குரு எழுந்து நின்றார். அவர் யாருக்காகவும் எழுந்து அந்த மடத்தில் யாரும் பார்த்ததில்லை.

"மடத்து மோட்டார் நாலு நாளா ஓடலை. காலையில கொண்டு வரட்டுமா?"

"எட்டு மணிக்குக் கொண்டாங்க சாமி" என்றாள் பூவாத்தாள். "நோட்டுல மடத்துப் பேரை எழுதிட்டுத்தான் கழட்டுவேன்."