வாசலில் மாறிய சிவப்பு நூல்

முன்னொரு காலத்தில் ஓர் அரசர் இருந்தார். தீர்ப்புச் சொல்வதில் அவருக்குக் கொள்ளை ஆசை. வழக்கைக் கேட்பதில் அவ்வளவு ஆசை கிடையாது. அவருடைய அவையில் விகடம் பேசிப் பிழைத்தவன் மாசிலன். அது நான்தான். நான் பேசினால் அரசர் பெரும்பாலும் கொட்டாவி விடுவார்.

எங்கள் கடைத்தெருவில் கோமளவல்லி என்றொரு பாட்டுக்காரி. எந்தக் கடையில் நல்ல சேலை கிடைக்கும் என்று பாடிச் சொல்வாள். அதைக் கேட்டு வாங்கப் போகிறவர் கையில் சிவப்பு நூல் கட்டி அனுப்புவாள். நூலைப் பார்த்துக் கடைக்காரர் அவளுக்குத் தரகு தருவார். அதில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது.

அரண்மனை அதிகாரி விருத்தகிரி கடைவாசலில் ஆட்களை நிறுத்தினார். "எங்கே விலை குறைவு என்று பார்த்துச் சொல்கிறோம், காசு வேண்டாம்" என்று சொல்லி, வருகிறவர்களுக்கு விசிறிவிட்டபடியே அவர்கள் கையிலிருந்த சிவப்பு நூலை அவிழ்த்துவிட்டு நீல நூலைக் கட்டினார்கள். விலை குறையவில்லை. தரகு மட்டும் விருத்தகிரிக்குப் போனது.

"பாடி அனுப்புனது நானு. வாசல்ல நூலை மாத்துனதத் தவிர இவங்க என்ன செஞ்சாங்க, ராசா?" என்று கோமளவல்லி அவையில் முறையிட்டாள்.

"மன்னா, கடைசியாகக் கைபிடித்து உள்ளே அனுப்பியவர்கள் என் ஆட்கள் அல்லவா?" என்றார் விருத்தகிரி.

"கடைசிக் கைக்கே பலன். இதுவே தீர்ப்பு" என்றார் அரசர்.

அவள் கண் கலங்கினாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "தீர்ப்பில் ஓட்டை இருக்கிறது, மன்னா" என்று சொல்லிவிட்டேன்.

"நாளைக்குள் மாசிலன் அதைக் காட்டட்டும். காட்டாவிட்டால் அவன் இடத்தை என் மைத்துனனுக்குத் தாருங்கள்" என்றார் விருத்தகிரி. அரசரும் தலையாட்டினார்.

ஓட்டை எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது. மாலையில் கோமளவல்லி தேடி வந்தபோது விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருந்தேன்.

"நாளைக்கு விருத்தகிரி ராசாவுக்குக் குதிரை குடுக்கிறாராமே. குடுக்கிறவங்களுக்கு ராசா முத்துமாலை போடுவாருல்ல? வாசல்ல நீங்க கயித்த வாங்கிக்கிட்டா என்னங்க?" என்றாள்.

உடனே எனக்கு ஓர் அபாரமான யோசனை தோன்றியது.

மறுநாள் விருத்தகிரி குதிரையோடு அவைவாசலுக்கு வந்தார். "வியர்க்கிறதே, இலவசமாக விசிறுகிறேன்" என்று விசிறியபடியே கயிற்றை வாங்கிக்கொண்டேன். குதிரை என் காலை மிதித்தது. நொண்டிக்கொண்டே அதை அரசர் முன் இழுத்துப் போனேன். பார்த்தவர்கள் அது என்னை இழுத்துப் போனதாகச் சொல்கிறார்கள்.

"கடைசிக் கை என்னுடையது, மன்னா. மாலை எனக்கே" என்றேன்.

"அநியாயம், மன்னா. ஊர் ஊராகத் தேடிக் கொண்டுவந்தவன் நான். இவன் வாசலில் கயிற்றைப் பிடித்ததைத் தவிர என்ன செய்தான்?" என்றார் விருத்தகிரி.

"கோமளவல்லி கேட்டதும் இதைத்தான்" என்றேன், அவையில் நின்ற அவளைக் காட்டி.

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். "தீர்ப்பை மாற்றுகிறேன். தொடக்கத்திலிருந்து உழைத்தவருக்கே பலன். மாலை விருத்தகிரிக்கு. அதை விற்று, நீல நூலில் வந்த தரகையெல்லாம் இவளுக்குத் திருப்பித் தரட்டும். இந்த யோசனைக்காக என் மோதிரம் மாசிலனுக்கு."

மோதிரத்தை விரலில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்தேன்.

"ராசா, யோசனை யார் சொன்னதுன்னு அவரையே கேளுங்க" என்றாள் கோமளவல்லி.

மோதிரம் எளிதில் கழன்றுவிட்டது. அதை அவளிடம் நீட்டியபோது அரசர் சிம்மாசனத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். எனக்கும் பரிசு உண்டு என்றார்: வீங்கிய காலுக்கு ஒத்தடம் கொடுக்க ஒரு மூட்டை உப்பு. அது யாருடைய யோசனை என்று நான் கேட்கவில்லை.