ஊமைக் கட்டை

யூஸ்டஸுக்கு அறுபது வயது. அவருக்கு ஜாஸ் பியானோ சொல்லிக்கொடுத்த லொரைனுக்கு நாற்பத்தைந்து. இவர் அவரை மிஸ் என்பார். அவர் இவரை அங்கிள் என்பார். இரண்டு பேருக்குமே அதில் வெட்கம் கிடையாது.

கப்பலில் வாசித்து, கல்யாண ரிசப்ஷன்களில் வாசித்து, கடைசியில் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் வந்து உட்கார்ந்தவர் லொரைன். அங்கேயே பாதித் தலை நரைத்தது. போன மாதம் மணிக்கட்டு வீங்கியது. போதும் என்றுவிட்டார் டாக்டர்.

அந்த ஹோட்டல் பியானோ ஸ்டூல் இப்போது காலி. யூஸ்டஸ் வாசிப்பதைக் கேட்டுவிட்டு மேனேஜர் இன்று மாலையே முடிவு சொல்வார். சர்ச்சில் தன் இடத்தில் ஆர்கன் வாசிக்க வேறு ஆள் வந்துவிட்டபிறகு, மகன் வீட்டில் டிவி ரிமோட்டுக்குக் கையேந்தும் மனிதருக்கு அந்த ஸ்டூல் எவ்வளவு பெரிசு என்று தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?

இருவரும் முன்கூட்டியே ஹோட்டலுக்குப் போய்விட்டார்கள். வெயிட்டர்கள் மேஜை விரிப்புகளை உதறிக்கொண்டிருந்தார்கள். பியானோ புத்தம் புதுசு. பழையதை அந்த வாரம்தான் தூக்கியிருந்தார்கள்.

யூஸ்டஸ் வாசித்துக் காட்டினார். நடுவில் ஒரு கறுப்புக் கட்டையை மட்டும் தொடாமல், அதைத் தாண்டித் தாண்டிப் போனார். லொரைனுக்குப் பேர் வாங்கித் தந்ததே அந்தத் தாவல்தான். பத்திரிகைக்காரர்கள் அதைப் பற்றி எழுதி மாய்ந்திருக்கிறார்கள். வகுப்பில் அவர் சொல்லித் தராததை, ரெக்கார்டிங் போட்டுப் போட்டு வீட்டில் ரகசியமாகப் பழகியிருந்தார் யூஸ்டஸ்.

"எப்படி மிஸ்? அப்படியே உங்களை மாதிரி இல்லே?"

"அப்படியேதான். அந்தக் கட்டையை ஏன் விட்டீங்க?"

"நீங்க விடுவீங்களே!"

லொரைன் சிரித்தே விட்டார். "பழைய பியானோல அது ஊமை, அங்கிள். அமுக்கினா டொக்குனு ஒரு சத்தம், அவ்வளவுதான். சரி பண்ணிக் குடுங்கன்னு கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிச்சுது. சாப்பிட வர்றவங்களுக்கு இதெல்லாம் தெரியவா போகுதுன்னுட்டாங்க. வேற வழி? சுத்திக்கிட்டுப் போனேன்."

யூஸ்டஸின் முகம் தொங்கிப் போயிற்று. புதுப் பியானோவின் கறுப்புக் கட்டையை அமுக்கிப் பார்த்தார். கணீரென்று பேசியது.

"அப்ப என்கிட்ட என்னதான் இருக்கு, மிஸ்?"

லொரைன் அவருடைய வலது கையை எடுத்து, சுண்டுவிரலைத் தட்டினார். எப்போதோ ஆர்கன் மூடி விழுந்து நசுங்கிய விரல் அது.

"இதை இன்னிக்கு வீட்லயே விட்டுட்டு வந்தீங்களா? ஒரு தடவைகூடக் கட்டைமேல படலையே?"

"அது மடங்காது மிஸ். மேல் சுரம் லேட்டா விழும். மேனேஜர் தப்புன்னு சொல்லிட்டா?"

மேனேஜர் வந்து முன் மேஜையில் உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

லொரைன் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"என் பியானோவில ஒரு கட்டை பேசாது. உங்க கையில ஒரு விரல் மடங்காது. சொந்தமா ஒண்ணு வெச்சுக்கிட்டு, என்னோடதை எதுக்கு அங்கிள் தூக்கிக்கிட்டு அலையறீங்க?"

யூஸ்டஸ் சுண்டுவிரலையும் கட்டைமேல் வைத்தார். வாசிக்கத் தொடங்கினார். மேல் சுரம் தாமதமாகத்தான் விழுந்தது.