பாம்பனில் ஒரே வயர்

பாம்பனில் டிஷ், ஆன்டெனா மாட்டிக் கொடுப்பவள் பிலோமினா. வயது முப்பத்திரண்டு. இடுப்பில் அடிபட்டுக் கடல் தொழிலை விட்ட அந்தோணிராயர், தன் ஐம்பத்தோராவது வயதில் அவளிடம் சீடராகச் சேர்ந்தார்.

ஒரு மாலை தயாளினி கடைக்கு வந்தாள். மன்னாரிலிருந்து அகதியாக வந்து, இங்கே சூசையைக் கட்டிக்கொண்டவள். அவளுடைய தங்கை அக்கரையில் டிவியில் செய்தி வாசிக்கிறாள். பதினோரு வருடமாக அந்த ஏழு மணிச் செய்தியில்தான் அக்கா தங்கையைப் பார்ப்பது.

“டிஷ் பூட்டின நாளிலயிருந்து ஆன்டெனா வேலை செய்யேல்ல. அந்தக் கோவத்தில என்ர மனுசனோட கதைச்சு நாலு நாளாச்சு.”

அந்தோணிராயர் தலை குனிந்தார். மாட்டியது அவர்தான்.

“சுவத்துக்குள்ள ஒரு வயர்தான் போகுது, தங்கச்சி. சூசை டிஷ் கேட்டாரு. ஆன்டெனாவக் கழட்டிட்டு அதே வயருல டிஷ்ஷக் குடுத்துட்டேன்.”

பிலோமினா அலமாரியைத் திறந்தாள். இரண்டு சின்னப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

சூசை வீட்டு மாடியில் ஆன்டெனாவையும் டிஷ்ஷையும் ஒரு பெட்டியில் சேர்த்தாள். அதிலிருந்து பழைய வயர் கீழே இறங்கியது.

“ரெண்டும் ஒண்ணுல போனா ஒண்ண ஒண்ணு அமுக்கிறாதா?” என்று கேட்டார் கூட வந்த அந்தோணிராயர்.

“ஆன்டெனா கீழ் அலையில வரும். டிஷ் மேல் அலையில. ரெண்டுக்கும் இடம் இருக்கு, அண்ணே.”

கீழே, டிவிக்குப் பின்னால் இன்னொரு பெட்டி. அது இரண்டையும் பிரித்துக் கொடுத்தது. சூசை கபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. தயாளினி அடுப்படியை விட்டு வரவில்லை.

அந்தோணிராயர் மெதுவாகக் கேட்டார்: “வயரு பிரிஞ்சிருச்சு. டிவி ஒண்ணுதானே? இவங்க ரெண்டு பேரையும் எந்தப் பெட்டி சேக்கும்?”

பிலோமினா சூசையைப் பார்த்தாள்.

“உங்க கொழுந்தியா பேரு என்னண்ணே?”

“ஜெயரூபி.”

“எப்படி இருப்பாங்க?”

“நான் சரியாப் பாத்ததில்ல” என்றார் சூசை. பிறகு ரிமோட்டை எடுத்து, அவரே மாற்றினார்.

“வணக்கம்” என்றது ஒரு பெண் குரல். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

தயாளினி வந்து நின்றாள். சூசை பாயில் நகர்ந்து இடம் விட்டார்.

“மூக்கு அப்படியே உன்னுதுதான்” என்றார்.

தெருவுக்கு வந்ததும் அந்தோணிராயர் சொன்னார்: “நான் கேட்டதுக்கு நீ பதிலே சொல்லலையே, தங்கச்சி.”

“எனக்குத் தெரியாதுண்ணே. அதான் அவருகிட்ட கேட்டேன்.”