மாசேனர் விழுங்கிய பூச்சி

விழுங்கிய பிறகுதான் அது பூச்சி என்று மாசேனருக்குத் தெரிந்தது.

இருமினார். காறினார். விரலைத் தொண்டைவரை விட்டுப் பார்த்தார். கண்ணில் நீர் வந்ததே தவிர, போனது வரவில்லை.

உயிர்க்கொலை செய்யாத சமணத் துறவியரின் மலைப்பள்ளி அது. துறவு கேட்டு வருகிறவர் முதலில் ஒரு முழு மழைக்காலம், நான்கு மாதம், தன்னால் ஓர் உயிரும் சாகாமல் கழிக்க வேண்டும். அறிந்து கொன்றாலும் அறியாமல் கொன்றாலும் நோன்பு போயிற்று. அடுத்த மழைவரை காத்திருக்க வேண்டியதுதான்.

உப்பு வணிகத்தை மகனிடம் விட்டுவிட்டு ஐம்பது வயதில் மலையேறிய மாசேனருக்கு இது மூன்றாவது மழை. முதல் மழையில் படிக்கட்டில் ஒரு மண்புழுவை மிதித்துவிட்டார். இரண்டாவதில் தூக்கக் கலக்கத்தில் தன் கன்னத்தில் தானே ஓர் அறை விட்டுக்கொண்டார். விழித்துப் பார்த்தால் உள்ளங்கையில் கொசு. இந்த முறை தரையைப் பார்த்தே நடந்து நடந்து கழுத்தே வளைந்துபோயிருந்தது. நாளைக் காலையோடு நோன்பு முடிகிறது. இன்று மாலை இப்படி.

"அடிப்பாவி!" என்றார், எதிரே குடத்தோடு நின்ற சேந்தியைப் பார்த்து. பள்ளிக்கு நீர் சுமக்கிறவள் அவள். "வடிகட்டாத தண்ணீரைக் கொடுத்து என் நோன்பில் மண்ணைப் போட்டாயே! வா குரத்தியாரிடம். இன்றைக்கே உன்னை மலையை விட்டு இறக்காவிட்டால் பார்."

"வடிகட்டாத தண்ணீரா? நானா?" சேந்தி குடத்தை ணங்கென்று வைத்தாள். "வாருங்கள் ஐயா. நீங்கள் கூப்பிடாவிட்டாலும் நான் வருவேன்."

குரத்தியார் பள்ளியின் தலைவி. மாசேனரைவிடப் பத்து வயது இளையவர். மயிற்பீலியால் பாறையை மெல்ல நீவிவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தார்.

மாசேனர் மூச்சு விடாமல் சொல்லி முடித்தார்.

"என்ன பூச்சி?" என்றார் குரத்தியார்.

"என்ன பூச்சியாக இருந்தால் என்ன அம்மா? இவள் கொடுத்த நீரில் வந்தது. தவறு இவளுடையது என்றால் என் நோன்புக்குக் குறை இல்லையே? முதலில் அதைச் சொல்லுங்கள்."

குரத்தியார் சேந்தியைப் பார்த்தார்.

"மூன்று மடிப்புத் துணியில் வடிகட்டினேன் அம்மா. மேல்சுனை கலங்கிக் கிடந்தது, அதனால் கீழ்க்குளத்தில் மொண்டு வந்தேன். வடிகட்டிப் பார்த்தால் துணியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் என்னவோ நெளிகிறது. எந்த நீரில் பிறந்ததோ அந்த நீரில்தானே விட வேண்டும்? மறுபடி இருநூறு படி இறங்கி, குளத்தில் துணியை அலசிவிட்டு ஏறி வந்தேன்."

"அதனால்தான் தாமதமா?"

"அதற்குத்தான் அம்மா எனக்குச் சோம்பேறிப் பட்டம்."

"சூரியன் இறங்கிவிட்டால் விடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது!" மாசேனரின் குரல் உயர்ந்தது. "மதியத்திலிருந்து நாக்கு வறண்டு கிடக்கிறேன். இவள் ஆடி அசைந்து வருகிறாள். திட்டாமல் கொஞ்சவா முடியும்?"

"குடித்துக்கொண்டேவா திட்டினீர்கள்?"

"ஒரு மடக்கு, ஒரு வசவு. அவ்வளவு கோபம் எனக்கு. 'சோம்பேறி' என்று சொல்லி முடிக்கவில்லை, சரேலென்று உள்ளே போயிற்று. தொண்டையில் படபடவென்று இறகடித்தது. இன்னும் உறுத்துகிறது."

"நனைந்த பூச்சி இறகடிக்குமா ஐயா?" என்றாள் சேந்தி.

"நீ வாயைத் திறக்காதே!"

குரத்தியார் மேற்கே பார்த்தார். சூரியன் இன்னும் மலை விளிம்பைத் தொடவில்லை.

"ஒரு வாய் நீர் எடுத்துக்கொள்ளுங்கள், மாசேனரே. விழுங்க வேண்டாம்."

மாசேனர் எடுத்தார். இரண்டு கன்னமும் உப்பின.

"இப்போது சேந்தியைச் சோம்பேறி என்று சொல்லுங்கள்."

மாசேனர் விழித்தார். ம், ம் என்றார். தாடி வழியே கொஞ்சம் நீர் ஒழுகியது. சேந்தி சிரிப்பை அடக்க முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

குரத்தியார் சிரிக்கவில்லை. காத்திருந்தார்.

மாசேனர் அந்த நீரை மெல்ல விழுங்கினார். தொண்டையில் அது இறங்க இறங்க, அவர் முகமும் இறங்கிற்று.

"என்ன பூச்சி?" என்று மறுபடி கேட்டார் குரத்தியார்.

மாசேனர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஈசலாக இருக்கும் அம்மா," என்றாள் சேந்தி. அவள் குரலில் இப்போது கோபம் இல்லை. "மத்தியானம் மழை விட்டதல்லவா? நான் படியேறும்போது புற்றிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தன. இறகு முளைத்து இதுதான் முதல் பறப்பு."

மாசேனர் சட்டென்று எழுந்துவிட்டார்.

"நூற்றுப் பத்தொன்பது நாள்! எறும்புக்குக்கூட வழி விட்டு நடந்தேன். கொசு கடித்தால் கடிக்கட்டும் என்று கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன். இந்த ஈசலை நான் கூப்பிட்டேனா? வானம் முழுக்க இடம் இருக்க, என் வாய்தானா கிடைத்தது அதற்கு? இதில் எங்கே அம்மா நியாயம்? போயும் போயும் ஓர் ஈசலால் என் மழை போயிற்றே!"

குரத்தியார் பீலியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"உங்களுக்கு அடுத்த ஆண்டும் மழை வரும், மாசேனரே," என்றார். "அந்த ஈசலுக்கு?"