ஊர் கூடிச் சாப்பிட்ட முட்டை

கூட்டாம்பட்டியில் ஒற்றை ஆளாகத் தும்மியவர் யாரும் கிடையாது. ஒருவருக்குத் தும்மல் வந்தால் பக்கத்தில் இருக்கிறவர்களும் மரியாதைக்கு ஒரு தும்மல் போட்டுவிடுவார்கள். ஒருவர் முடிவெட்டப் போனால் நாற்பது வீட்டு ஆண்களும் கிளம்பிப் போய் வெட்டிக்கொண்டு வருவார்கள். எந்தப் பாரத்தையும் யாரும் தனியாகச் சுமக்கக் கூடாது என்பது அந்த ஊர்க் கட்டுப்பாடு. அதைப் போட்டது யார் என்று தெரியாது. அதையும் கூட்டாகத்தான் போட்டிருப்பார்கள்.

அந்த ஊரில் ஒச்சப்பன் பெண்டாட்டி செவந்தி ஐந்து மாதக் கர்ப்பிணி. தலைப் பிள்ளை. அவளுக்கு இரண்டு ஆசைகள். ஒன்று, பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும். இரண்டு, ஒரு அவித்த முட்டையில் மிளகுத்தூள் போட்டுச் சாப்பிட வேண்டும். முதல் ஆசையை எல்லோரிடமும் சொன்னாள். இரண்டாவதை வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

மாதம் ஒருமுறை நர்சம்மா ஜெபமணி ஸ்கூட்டரில் வருவார். எடை பார்க்கும் மெஷின், ரத்தம் பார்க்கும் ஊசி, சத்து மாத்திரை எல்லாம் அவர் பையில் இருக்கும். செவந்தியை மெஷினில் ஏற்றினார். நாற்பத்து நாலு கிலோ. விரலில் குத்திப் பார்த்தார். ரத்தம் ஒன்பதரை. நர்சம்மாவின் முகம் சுருங்கியது.

"இங்க பாரும்மா, ரத்தமும் பத்தல, எடையும் பத்தல. தினம் கீரை, ஒரு முட்டை, ரெண்டு டம்ளர் பால் உள்ள போகணும். இந்த மாத்திரைய நாள் தவறாமப் போடணும். சாயந்திரம் அரை மணி நேரம் நடக்கணும். இடது பக்கமாச் சாஞ்சு படு. கனமானதைத் தூக்காத. புகையிலை கிகையிலை இருந்தா விட்ரு. அடுத்த மாசம் வரும்போது ரெண்டு கிலோ ஏறியிருக்கணும்."

சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிவிட்டார். ஒச்சப்பன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

"இம்புட்டையும் ஒரு பொம்பள எப்பிடித் தாங்குவா?"

சாயங்காலமே ஊர் கூடியது. ஊரில் எந்த வேலை எந்த வீட்டு முறை என்று பலகையில் எழுதுகிறவர் மொக்கச்சாமி. எழுதப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களும் அவர் எழுதும்போது பக்கத்தில் நின்று விரலால் காற்றில் எழுதுவார்கள்.

"எட்டு வேலை சொல்லியிருக்காக," என்றார் மொக்கச்சாமி. "வயித்துல ஒண்ணச் சுமக்குறதே பெரிசு. அது மேல இந்த எட்டையும் ஏத்துனா நாம மனுசங்களா?"

"மனுசங்களே இல்ல," என்றார்கள் எல்லோரும் ஒருமிக்க.

வேலையைப் பிரித்தார்கள். கீரை, முட்டை, பால், மாத்திரை நாலையும் வடக்குத் தெரு எடுத்துக்கொண்டது. நடையைத் தெற்குத் தெரு ஏற்றது. இடது பக்கம் சாய்ந்து படுப்பதைக் கிழக்குத் தெரு. கனமானதைத் தூக்காமல் இருப்பதை மேற்குத் தெரு, ரொம்ப யோசித்து, ஒப்புக்கொண்டது.

புகையிலையில்தான் சிக்கல் வந்தது.

"செவந்தி புகையிலையே போடுறதில்லையே. எதை விடுறது?" என்று கேட்டாள் அங்கம்மா. ஒச்சப்பனின் அக்கா அவள்.

"இருக்கிறவன்தான் விட முடியும்," என்றார் மொக்கச்சாமி. "யாராச்சும் போடுறீகளா?"

ஊரில் ஒருவரும் போடுவதில்லை. கடைசியில் ஐந்து பேர் முன்வந்து, விடுவதற்காகவே புகையிலை போடப் பழகினார்கள். பாவம், முதல் நாள் ஐந்து பேரும் கிறுகிறுத்துக் கீழே விழுந்தார்கள். ஊர் அவர்களை மாலை போட்டு மெச்சியது.

"அப்ப நான் என்ன செய்ய?" என்று கேட்டாள் செவந்தி.

"நீ வயித்த வச்சிருத்தா. அது போதும்," என்றார் மொக்கச்சாமி.

மறுநாளிலிருந்து வேலை மும்முரமாக நடந்தது. வடக்குத் தெருவில் விடியும்போதே முட்டை அவிக்கும் வாசனை வரும். வீரணன் என்று ஒரு வாட்டசாட்டமான ஆள். தினமும் செவந்தி வீட்டு வாசலில் வந்து நின்று, அவள் பார்க்கும்படியாக முட்டையை உரித்து, மிளகுத்தூள் போட்டு, ஒரே வாயாகப் போட்டுக்கொள்வான். மறைவாகத் தின்றால் ஏமாற்றியதாக ஆகிவிடுமாம். அவ்வளவு நேர்மை.

"எறங்கிருச்சா தங்கச்சி?" என்பான்.

செவந்தி எச்சிலை விழுங்கிக்கொண்டு, "எறங்கிருச்சுண்ணே," என்பாள். அவளும் அந்த ஊர்க்காரிதானே. அவளுக்குக் கிடைத்தது வழக்கமான கம்பங்கஞ்சியும் நார்த்தங்காய் ஊறுகாயும்.

தெற்குத் தெரு சாயங்காலம் இடுப்பில் கை வைத்து, காலை அகட்டி, மெல்ல மெல்ல நடந்தது. மீசை வைத்த ஆண்களும் அப்படியே நடந்தார்கள். அரை மணி நேரம் முடிந்ததும் நேராகச் செவந்தியிடம் வந்து, "களைப்பா இருக்காத்தா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். கிழக்குத் தெருவில் எல்லோரும் இடது பக்கமாகவே படுத்ததால், புருஷன் முதுகைப் பெண்டாட்டி பார்க்க, பெண்டாட்டி முதுகைச் சுவர் பார்க்க, பேச்சுவார்த்தை குறைந்து தெருவே அமைதியாகிவிட்டது. மேற்குத் தெருவில் நெல் மூட்டைகள் இறக்கின இடத்திலேயே மழையில் நனைந்து முளைவிட்டன. அதைப் பார்த்தவர்கள், "என்ன ஒரு கட்டுப்பாடு!" என்று வியந்தார்கள்.

இரண்டு வாரத்தில் செவந்திக்கு எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று பயமாக இருந்தது. பசி வேறு. ஒருநாள் மொக்கச்சாமியிடம் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"மாமா, நானும் இந்த ஊர்ல ஒருத்திதான? முட்டை திங்க எனக்கு ஒரு முறை வராதா?"

மொக்கச்சாமிக்கு அது நியாயமாகப் பட்டது. பலகையைத் தூக்கிவந்து விரலை ஓட்டினார்.

"ஏன் வராது? உன் வீடு தெற்குத் தெரு. வடக்குத் தெரு முறை முடிஞ்சு, மத்த தெருவும் சுத்தி... இந்தா இருக்கு. தை மாசம் பதினேழு."

"எனக்குக் கார்த்திகையிலேயே பிள்ளை பெறந்துருமே மாமா."

"நல்லதாப் போச்சு. பிள்ளையும் நீயும் சேந்தே திங்கலாம்."

மாதம் முடிந்து நர்சம்மா வந்தார். செவந்தியை மெஷினில் ஏற்றினார். நாற்பத்து மூன்று. ரத்தம் ஒன்பது. நர்சம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கீரை சாப்பிட்டாச்சா இல்லையா?"

"ஒரு நாள் விடலம்மா," என்றான் ஒச்சப்பன்.

"முட்டை?"

"முப்பது நாளும் ஆச்சு. சில நாள் ரெண்டு," என்றான் வீரணன்.

"நடை?"

"ஊரச் சுத்தி மூணு சுத்து," என்றது தெற்குத் தெரு.

நர்சம்மா மெஷினைத் தட்டிப் பார்த்தார். இந்த இடத்தில் மொக்கச்சாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"அம்மா, ஒத்தை ஆளை நிறுத்துனா எப்பிடி ஏறும்? எங்களையும் நிறுத்துங்க."

என்னதான் சொல்கிறார்கள் பார்ப்போம் என்று நர்சம்மா ஒவ்வொருவராக மெஷினில் ஏற்றினார். போன மாதம் செவந்தியோடு மரியாதைக்கு ஏறி இறங்கியவர்களின் எடை மொக்கச்சாமி பலகையில் இருந்தது. அதன்படி வீரணன் ஐந்து கிலோ ஏறியிருந்தான். அவன் பெண்டாட்டி நாலு. மூட்டை தூக்காத மேற்குத் தெருக்காரர்கள் ஆளுக்கு இரண்டு. மொக்கச்சாமி கூட்டிச் சொன்னார்.

"மொத்தம் எம்பத்தி ரெண்டு கிலோ ஏறியிருக்கும்மா. நீங்க கேட்டது ரெண்டு. மிச்சத்த வேற ஊருக்குக் குடுத்துக்கங்க."

நர்சம்மா போட்டார் பாருங்கள் ஒரு சத்தம், பனைமரத்துக் காக்காயெல்லாம் பறந்துவிட்டன.

"அவ சாப்பிட்டாத்தான்யா அவளுக்கு ஒட்டும்! அவளே திங்கணும், அவளே நடக்கணும், அவளே சாஞ்சு படுக்கணும். அடுத்த மாசமும் இப்படியே இருந்துச்சுன்னா, டவுன் பெரியாஸ்பத்திரியில கொண்டுபோய்ப் படுக்க வச்சிருவேன். பிள்ளை பெறக்குற வரைக்கும் அங்கதான்."

நர்சம்மா போனதும் ஊர் மறுபடியும் கூடியது. ஒற்றைப் பெண் ஒற்றைக் கட்டிலில் ஒற்றையாக மூன்று மாதம்!

"ஊரோட போயி நாமளும் படுத்துருவம்," என்றான் வீரணன்.

"அத்தனை பேருக்கும் ஒரு கட்டில் காணாது," என்றார் மொக்கச்சாமி.

"இடது பக்கமாப் படுத்தா எடம் கொஞ்சம் மிச்சமாகும்," என்றது கிழக்குத் தெரு.

"அப்ப அவளைத் தனியாத் திங்க விட்றலாமா?" என்று அங்கம்மா கேட்டதும் கூட்டம் காதைப் பொத்திக்கொண்டது. கட்டுப்பாட்டை மீறி ஒருத்தி ஒற்றையாகக் கீரை தின்பதா? ஒச்சப்பன் அழுதே விட்டான். கூட எல்லோரும் அழுதார்கள்.

செவந்தி தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கண் இருட்டியது. பசிக்கிற வயிறும், உள்ளே உதைக்கிற பிள்ளையும் சேர்ந்து அவளுக்கு அன்றைக்கு மூளையைக் கொடுத்தன. சொந்த ஊர்க்காரர்களை எந்த வாசலால் உள்ளே விட்டு எந்த வாசலால் வெளியே கொண்டுவர வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"மாமா, நடவுக்கு எங்க வயல்ல நீங்க வந்து நட்டா, மறுநா எங்க வீட்டுக்காரர் எங்க போவாரு?"

"எங்க வயலுக்கு வந்து நடுவான். மாத்தாள் வேலை. அது நம்ம ஊரு வழக்கம்ல?"

"வராம வீட்ல உக்காந்திருந்தா?"

"த்தூ! அவன் வீட்ல தண்ணி குடிக்க மாட்டோம்."

"ஒரு மாசமா எனக்காக ஊரே தின்னுருக்கு, நடந்திருக்கு, சாஞ்சு படுத்திருக்கு. நான் திருப்பி ஒரு நா செஞ்சேனா? என் வீட்ல எப்பிடித் தண்ணி குடிக்கிறீக?"

மொக்கச்சாமியின் கையிலிருந்து பலகை நழுவியது. ஒரு மாதமாக மாத்தாள் வேலை நிலுவை! அதுவும் சாப்பாட்டு வேலை!

"நாளைக்கே ஆரம்பிக்கணும்," என்றார் மொக்கச்சாமி. "முதல்ல வீரணன் தின்ன முப்பது நாளுக்கும் இவ திங்கணும். பெறகு வரிசையா ஒவ்வொரு வீட்டுக்கும். அந்தந்த வீட்டுக்காரன் கீரை, முட்டை, பாலைக் கொண்டாந்து குடுத்துரணும். மாத்திரை மிச்சம் இருக்கிறதையும் குடுங்க."

"எனக்காக அவ தின்னா அன்னைக்கு நான் என்ன செய்ய?" என்று கேட்டான் வீரணன்.

"நீ ஏப்பம் விடு."

அப்படித்தான் நடந்தது. விடிந்ததும் வீரணன் அவித்த முட்டையோடு வந்தான். செவந்தி உரித்தாள். மிளகுத்தூள் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். அந்த முட்டைக்கு அவள் மாதக்கணக்காகக் காத்திருந்தாள் என்பது வீரணனுக்குத் தெரியாது. அவன் வாசலில் நின்று கடமையாக ஒரு ஏப்பம் விட்டுவிட்டு, வெறும் வயிற்றோடு வேலைக்குப் போனான். தெற்குத் தெருவுக்காக அவள் சாயங்காலம் நடந்தாள். கிழக்குத் தெருவுக்காக இடது பக்கமாகப் படுத்தாள். மேற்குத் தெருவுக்காகக் கனமானதைத் தூக்காமல் இருந்தாள். ஆகவே மேற்குத் தெருக்காரர்கள் ஒருவழியாக மூட்டையைத் தூக்கினார்கள். ஐந்து பேருக்காகப் புகையிலையையும் விட்டாள். அதுதான் இருந்ததிலேயே சுலபமான வேலை.

அடுத்த மாதம் எடை நாற்பத்தாறு. ரத்தம் பத்துக்கு மேல். நர்சம்மா செவந்தியின் கன்னத்தைக் கிள்ளினார். அப்புறம்தான் வீரணனைப் பார்த்தார்.

"இவருக்கு என்ன? இப்படி வத்திப் போயிட்டாரு?"

"ஒண்ணுமில்லம்மா," என்றான் வீரணன் பெருமையாக. "இந்த மாசம் என் வீட்டுச் சாப்பாட்டு வேலை நல்லா நடந்துச்சு."

கார்த்திகையில் செவந்திக்கு வலி கண்டது. இரண்டு டிராக்டரில் ஊரே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முக்கியது. உள்ளே மூன்று கிலோவில், கொழுகொழுவென்று ஒரு பெண் குழந்தை பிறந்தது. செவந்தி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவளுக்கு உலகமே நிறைந்துவிட்டது. குழந்தை வீறிட்டு அழுதது.

வெளியே மொக்கச்சாமி பதறி எழுந்தார்.

"பச்சப் பிள்ளை ஒத்தையா அழுகுதுடா!"

அவ்வளவுதான். அத்தனை பேரும் நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்கள். பக்கத்துப் பஸ் ஸ்டாப்பில் நின்ற ஜனங்கள் யாரோ பெரிய மனுஷர் போய்விட்டார் என்று நினைத்துத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். உள்ளே குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, இவர்கள் யார் என்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தது.

நாலு மாதம் கழித்து ஒரு காலை. வீரணன் வீட்டு எருமை செத்துப் போனது. கன்று போட்டு, பால் கொடுத்து, அவன் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய எருமை. வீரணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகச் செவந்தி வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"தங்கச்சி, பாப்பா பெறந்தன்னைக்கு நான் வாய் நிறைய அழுதேன். மாத்தாள் வேலைக்குப் பாப்பாவ இப்ப அனுப்பு."

வழக்கம் வழக்கம்தானே. அதைச் சொல்லித்தானே அவள் முட்டை தின்றாள்? செவந்தி மறுபேச்சு இல்லாமல் குழந்தைக்குப் பவுடர் போட்டு, பொட்டு வைத்துத் தூக்கிக்கொண்டு போனாள். ஊரே கூடியிருந்தது. குழந்தையை எருமை பக்கத்தில் உட்கார்த்திப் பிடித்து, அழட்டும் என்று எல்லோரும் பயபக்தியோடு காத்திருந்தார்கள்.

குழந்தை எருமையின் கொம்பைப் பார்த்தது. வீரணனின் மீசையைப் பார்த்தது. பொக்கை வாயைத் திறந்து கெக்கெக்கென்று சிரித்தது.

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. எல்லோரும் மொக்கச்சாமியைப் பார்த்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"என்னடா பாத்துக்கிட்டு நிக்கிறீக? பிள்ளை ஒத்தையாச் சிரிக்குது."

கூட்டாம்பட்டி முழுவதும் எருமையைச் சுற்றி நின்று வயிறு வலிக்கச் சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் வீரணன். எருமை அவனுடையதல்லவா?