வாட்டமும் மட்டமும்

முட்டாள்களைப் பார்க்க எங்கேயும் அலைய வேண்டாம். பெருந்துறையில் எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கம் வந்தால் மூன்று பேரை ஒரே இடத்தில் பார்க்கலாம். நான், என் மச்சினன்கள் நல்லசாமி, சென்னியப்பன். மூவரில் நான்தான் விவரமானவன் என்று ஊரில் பேச்சு. பேசியவன் சென்னியப்பன்.

என் மனைவி சுகந்திக்கு நாற்பத்திரண்டு வயது. கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவள். அவள் அலுவலக மகளிர் அணிக்கு மாதக் கடைசி ஞாயிறு ஆள் எடுக்கிறார்கள். இந்த முறை விட்டால் வயது தாண்டிவிடும். இத்தனை வருடம் அவள் ஆசையை நான் கவனித்ததே இல்லை. அந்த வெட்கத்தில், அவள் அலுவலக வேலையாக மூன்று வாரம் சென்னை கிளம்பியபோது, "நீ வர்றதுக்குள்ள கொல்லையில ஆடறதுக்குத் தரை போட்டுடறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

"நீங்களேவா?" என்றாள். கண்ணில் பயம் தெரிந்தது. "மட்டம் முக்கியமுங்க. பந்தை வெச்சா வெச்ச எடத்துலயே நிக்கோணும்."

கொத்தனார் பழனியப்பன் வேறு வேலையில் இருந்தார். போனிலேயே யோசனை சொன்னார்: "மழைத்தண்ணி ஓடற மாதிரி ஒரு பக்கமாச் சரிச்சு வாட்டம் உட்டுருங்க."

மூவரும் கலவைச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்தோம்.

"தண்ணி ஓடோணும். பந்து ஓடக்கூடாது," என்றான் நல்லசாமி.

"ஒரே தரையில ரெண்டும் எப்படிடா?" என்றேன்.

"தண்ணி அத்தன தூரம் மேலருந்து வருது மச்சான். நாமதான் உட்டுக் குடுக்கோணும்," என்றான் சென்னியப்பன்.

வாட்டம் விட்டோம். தாராளமாகவே விட்டோம். கூடைக் கம்பத்தைக் கடைக்காரரே ஆள் அனுப்பி நட்டதால் அது ஒன்றுதான் நேராக நின்றது.

மறுநாள் கொத்தனார் போனில், "சிமெண்டு இறுகோணும்னா பத்து நாள் தரைமேல தண்ணி நிக்கோணும்" என்றார்.

"நேத்து ஓடோணும்னார், இன்னிக்கு நிக்கோணும்ங்கறார்," என்றான் நல்லசாமி கவலையோடு. "பாவம், வயசாயிருச்சு."

ஆனாலும் கொத்தனார் சொன்னால் சொன்னதுதான். பத்து நாளும் சென்னியப்பன் மேட்டில் நின்று ஊற்றினான். நான் பள்ளத்தில் பக்கெட்டோடு பிடித்தேன். நல்லசாமி அதை மறுபடி மேட்டுக்குத் தூக்கிப் போனான். தண்ணீரும் நிற்கவில்லை, நாங்களும் உட்காரவில்லை.

சுகந்தி வரும் நாள் காலையில் தரை நடுவில் பந்தை வைத்தேன். அது நேராகப் பள்ளத்தை ஒட்டியிருந்த சாக்கடைக்குப் போனது.

"குத்தம் தரையிலயா, பந்துலயா?" என்றான் சென்னியப்பன்.

அதுவரை யாரும் பந்தைச் சந்தேகப்படவில்லை. அவன் ஊசியை விட்டுக் காற்றைப் பிடுங்கினான். பந்து வைத்த இடத்திலேயே சொத்தென்று உட்கார்ந்தது. மூவரும் கட்டிப் பிடித்துக்கொண்டோம்.

சுகந்தி வந்தாள். பந்து நிற்பதைப் பார்த்து முகம் மலர்ந்தது. எடுத்துத் தரையில் தட்டினாள். தொப்பென்று விழுந்த பந்து திரும்ப எழவில்லை. என்னையே பார்த்தாள்.

திட்டவில்லை. பந்துக்குக் காற்றடித்தாள். "நான் கூடையில போட்டுப் பழகிக்கறேன். நீங்க மூணு பேரும் சாக்கடைக்கு முன்னால நின்னுக்கங்க."

ஒரு வாரம் அவள் போட்டாள், நாங்கள் நின்றோம். பந்து எங்கள் கால்களுக்கு நடுவே புகுந்து சாக்கடைக்குப் போய்க்கொண்டே இருந்தது. நிற்கத்தானே சொன்னாள், பிடிக்கச் சொல்லவில்லையே!

ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டில் ஓர் உள்ளரங்கத்தில் தேர்வு. மரத்தரை பளபளவென்று இருந்தது. சுகந்தி பத்துக்கு எட்டு போட்டாள். பட்டியலில் அவள் பெயரை வாசித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சென்னியப்பன் மட்டும் சந்தோஷப்படவில்லை. ஒரு பந்தை எடுத்து அழுத்திப் பார்த்தான். நிறையக் காற்று. தரையில் வைத்தான். நின்றது.

"மச்சான், இவங்க வாட்டமே உடல. மழை பேஞ்சா அக்கா எப்படி ஆடும்?"

நல்லசாமி அண்ணாந்து பார்த்தான். "கூரை இருக்குதே?"

"ஒழுகுனா?"

நியாயமான கேள்வி. கழிப்பறைப் பக்கம் போய் ஆளுக்கொரு பக்கெட் பிடித்து வந்து அரங்கத்தின் நடுவில் ஊற்றினோம். தண்ணீர் ஓடவே இல்லை.

"பத்து நாளும் நிக்கும் போல," என்றான் நல்லசாமி, கொஞ்சம் பொறாமையோடு.

அமைப்பாளர் அலறிக்கொண்டு ஓடி வந்தார். சுகந்தியிடம், "யாருங்க இவங்க? உங்ககூட வந்தவங்களா?" என்று கேட்டார்.

சுகந்தி எங்கள் மூவரையும் நிதானமாகப் பார்த்தாள். "இதுக்கு முன்னப் பின்னப் பார்த்ததே இல்லைங்க."

பாவம், பத்துப் பந்து போட்ட களைப்பு. கட்டின புருஷனையே அடையாளம் தெரியவில்லை. முகத்தில் தண்ணீர் அடித்தால் சரியாகிவிடும் என்று நான்காவது பக்கெட்டுக்கு ஓடினேன்.